ஹைட்ரஜன் கலத்துக்குள் தேங்கும் நீரையும் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் 2025 ஜூலையில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஹைட்ரஜன் ரயில் பெட்டி தொடங்கி, லடாக்கின் லே நகரத்துக்கு என்.டி.பி.சி. நிறுவனம் கொண்டுசென்ற பேருந்துகள் வரை, ஹைட்ரஜன் வண்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளை ஆர்வத்தோடு படித்துவருகிறேன். வேதிப்பொறியியல் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், ஹைட்ரஜனையும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனையும் சேர்த்து இந்த வண்டிகளுக்கு மின்சாரம் தரும் எரிபொருள் கலங்களை ஆய்வகத்தில் மாணவர்களோடு சேர்ந்து இயக்கிப் பார்த்தவன் என்ற முறையில், அச்செய்திகளில் தொடர்ந்து விடுபட்டுப்போகும் ஒன்றைச் சுட்டிக்காட்டவே இக்கடிதத்தை எழுதுகிறேன். ‘இந்த வண்டி புகை விடாது, நீராவியை மட்டுமே வெளியேற்றும்’ என்ற வரியோடு நீரின் கதை முடிந்துவிடுகிறது. வெளியே போய்விட்ட நீரால் யாருக்கும் தொல்லையில்லை. போக வேண்டியிருந்தும் போகாமல் கலத்துக்குள் தேங்கும் நீரும், இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் வற்றிவிடும் நீரும்தான் இந்த வண்டிகளின் ஆயுளைப் பெருமளவு தீர்மானிக்கின்றன. பொதுப்பணத்தில் வாங்கப்படும் வண்டிகளைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வியும் பொதுவெளிக்கு வர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலில் அளவைப் பார்ப்போம். 1 கிலோ ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேரும்போது சுமார் 9 கிலோ நீர் உண்டாகிறது. 2014 இறுதியில் டொயோட்டா விற்பனைக்குக் கொண்டுவந்த மிராய் காரின் தொட்டிகளில் சுமார் 5 கிலோ ஹைட்ரஜன் பிடிக்கும் என்பதால், தொட்டி காலியாவதற்குள் அந்தக் கார் ஏறத்தாழ 45 லிட்டர் நீரை உற்பத்தி செய்துவிடும். இதைக் கலத்தின் அளவில் பார்த்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 1 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும்போது, அந்தச் சிறு பரப்பில் மணிக்கு ஏறக்குறைய 0.34 கிராம் நீர் பிறக்கிறது. 250 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள கலங்களை 300 எண்ணிக்கையில் அடுக்கினால் மணிக்கு 25 லிட்டர் ஆகிவிடும். இவ்வளவு நீரும் பிறப்பது வினையூக்கியான பிளாட்டினத் துகள்களைத் தாங்கிய, சுமார் 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) தடிமனே உள்ள ஒரு கரிப் படலத்தில்தான். அதே படலத்தின் அதே நுண்துளைகள் வழியாகத்தான் ஆக்ஸிஜன் உள்ளே வர வேண்டும். பிறந்த நீரும் அவற்றின் வழியாகவே வெளியேற வேண்டும்.

அப்படியானால் நீர் முழுவதையும் உடனுக்குடன் ஊதித் தள்ளிவிட்டால் என்ன என்று வாசகர்களுக்குத் தோன்றலாம். அது முடியாததற்குக் காரணம், ஹைட்ரஜன் பக்கத்தையும் காற்றுப் பக்கத்தையும் பிரித்து நடுவில் இருக்கும் சவ்வு. நாஃபியான் என்னும் ஃபுளூரின் கொண்ட பிளாஸ்டிக் வகைச் சவ்வுகளில் சல்போனிக் அமிலத் தொகுதிகள் பதிந்திருக்கின்றன. அவற்றைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருந்தால்தான் ஹைட்ரஜனிலிருந்து பிரிந்த புரோட்டான்கள் சவ்வைக் கடந்து மறுபக்கம் போக முடியும். நிறைவுற்ற நீராவியில் வைத்த சவ்வில் ஒவ்வொரு அமிலத் தொகுதிக்கும் சுமார் 14 நீர் மூலக்கூறுகள் இருக்கும். இந்த எண்ணிக்கை இரண்டு, மூன்று என்று சுருங்கிவிட்டால் சவ்வின் கடத்துதிறன் அடியோடு விழுந்து, கலம் தன் மின்சாரத்தைத் தானே வெப்பமாக்கி வீணடிக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சவ்வைக் கடக்கும் ஒவ்வொரு புரோட்டானும் வெறுங்கையோடு போவதில்லை. ஒன்றிரண்டு நீர் மூலக்கூறுகளையும் தன்னோடு இழுத்துக்கொண்டு ஹைட்ரஜன் பக்கத்திலிருந்து காற்றுப் பக்கத்துக்குப் போகிறது. காற்றுப் பக்கத்தில் ஏற்கெனவே வேதிவினையால் நீர் பிறந்துகொண்டிருக்கிறது. எனவே கூடுதல் மின்னோட்டம் எடுக்கும்போது சவ்வின் ஒரு முகம் வறண்டும் மறுமுகம் நீரில் மூழ்கியும் இருக்கும் நிலை வருகிறது. நல்ல வேளையாக, நீர் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குச் சவ்வின் ஊடாகவே நீர் திரும்பிப் பரவவும் செய்கிறது. சவ்வு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு எளிதாக அது நடக்கும். முன்பு சுமார் 175 மைக்ரான் தடிமனில் பயன்பட்ட சவ்வுகள் இன்று வண்டிகளில் 15 மைக்ரானுக்கும் கீழே இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். ஏரியில் மதகையும் கலங்கலையும் பார்த்துப் பார்த்து இயக்கும் நீர்க்கட்டியின் வேலையைத்தான் இங்கே பொறியாளர் செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் அவருடைய ஏரி தலைமுடியின் தடிமனில் கால் பங்குகூட இல்லாதது, அதன் நீர்மட்டம் வண்டியின் வேகத்துக்கேற்ப நொடிக்கு நொடி மாறுவது.

இந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதைக் காட்ட ஒரு எடுத்துக்காட்டு போதும். தேவையானதைப் போல இரண்டு மடங்கு காற்றை, உலர்ந்த நிலையில், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் கலத்துக்குள் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். கலம் 50 டிகிரி செல்சியஸில் இருந்தால், உண்டாகும் நீரில் பாதிக்குச் சற்று மேற்பட்டதை மட்டுமே வெளியேறும் காற்றால் ஆவியாகச் சுமக்க முடியும். மீதி திரவமாக உள்ளேயே தங்கும். 60 டிகிரியில் வரவும் செலவும் ஏறத்தாழச் சரியாகிவிடும். 70 டிகிரிக்குப் போனால், உண்டாகும் நீரைப் போல ஏறக்குறைய இரு மடங்கைச் சுமக்கும் திறன் காற்றுக்கு வந்துவிடுகிறது. அதாவது சவ்வில் இருக்கும் ஈரத்தையும் அது உறிஞ்சத் தொடங்கும். 20 டிகிரி இடைவெளிக்குள் வெள்ளமும் வறட்சியும் இடம் மாறிக்கொள்கின்றன. காலையில் பணிமனையிலிருந்து குளிர்ந்த நிலையில் கிளம்பும் ஒரு பேருந்து, நெரிசலில் நின்று நின்று போய், பிறகு மேம்பாலம் ஏறும்போது அதன் கலங்கள் இந்த இடைவெளி முழுவதையும் ஒரே பயணத்தில் கடந்துவிடக்கூடும். ஆகவே ஒரு நிலையான வேகத்தில் எடுத்த சோதனை அறிக்கை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வண்டியை மதிப்பிடுவது சரியாகாது.

நீர் மிகுந்தால் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கவே முடியும். ஆய்வகங்களில் கலத்தின் ஒரு பக்கத் தகட்டுக்குப் பாலிகார்பனேட் மூடி போட்டு, உள்ளே நடப்பதைக் காணும்படி வைப்பதுண்டு. ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள காற்றுத் தடத்தில், வினையூக்கியின் மேல் வைத்த கரித்தாளின் மேற்பரப்பில் முதலில் பனித்துளி அளவில் நீர் அரும்பும். அது பருத்து எதிர்ச் சுவரைத் தொட்டதும் தடத்தின் குறுக்கே ஒரு நீர் அடைப்பாக நின்றுவிடும். காற்று அடைப்பைச் சுற்றிக்கொண்டு பக்கத்துத் தடங்கள் வழியாகப் போய்விடும். அடைபட்ட தடத்துக்குக் கீழே இருக்கும் வினையூக்கி ஆக்ஸிஜனின்றித் திணறும். 0.6 வோல்ட்டுக்கு அருகில் நிலையாக நின்றுகொண்டிருந்த அளவுமானி தள்ளாடி இறங்கும். காற்றோட்டத்தைச் சற்றே கூட்டினால், அந்த நீர்த்துண்டு நகர்ந்து வெளிக்குழாயில் போய் விழும் அதே கணத்தில் வோல்ட்டேஜ் பழைய நிலைக்குத் தாவி ஏறும். இதைப் பார்த்த மாணவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளிலும் நடப்பது இதுவேதான். ஆக்ஸிஜன் காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் நீரில் பரவும் வேகம் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பதால், மெல்லிய நீர்ப்படலமே வினையை மூச்சுமுட்ட வைக்கப் போதுமானது.

காற்றுப் பக்கத்தில் தேங்கும் நீர் பெரும்பாலும் திறனைக் குறைப்பதோடு நின்றுவிடும். ஊதித் தள்ளினால் கலம் மீண்டுவிடும். ஹைட்ரஜன் பக்கத்தில் தேங்கும் நீரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். சவ்வின் வழியே திரும்பிவரும் நீரும், காற்றுப் பக்கத்திலிருந்து மெல்லக் கசியும் நைட்ரஜனும் அங்கே சேர்ந்துகொண்டே போகும். ஒரு கலத்தில் மட்டும் தடம் அடைபட்டு ஹைட்ரஜன் போய்ச் சேராவிட்டாலும், எல்லாக் கலங்களும் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் மற்ற கலங்களின் மின்னோட்டம் முழுவதும் அதன் வழியாகவும் பாய்ந்தே தீரும். எரிக்க ஹைட்ரஜன் இல்லாத அந்தக் கலத்தின் மின்முனைகள் திசைமாறி, பிளாட்டினத்தைத் தாங்கி நிற்கும் கரியையே தின்னத் தொடங்கும்; கரி கார்பன் டை ஆக்சைடாகப் போய்விட்டால் பிளாட்டினத் துகள்களுக்குப் பிடிமானம் இருக்காது. சில நிமிடங்களில் நேரும் இந்தச் சேதத்தைப் பிறகு எதைக் கொண்டும் சரிசெய்ய முடியாது. முந்நூறு கலங்களில் ஒன்று கெட்டாலும் அடுக்கு முழுவதையும் நிறுத்தியே ஆக வேண்டும். ஹைட்ரஜன் பக்கத்து வால்வை அவ்வப்போது ஒரு கணம் திறந்து நீரையும் நைட்ரஜனையும் வெளியேற்றும் ஏற்பாடு எல்லா வண்டிகளிலும் இருப்பது இதற்காகத்தான். அடிக்கடி திறந்தால் விலைமதிப்புள்ள ஹைட்ரஜன் வீணாகும். தாமதித்துத் திறந்தால் கலம் வீணாகும்.

வறட்சியின் பக்கம் வருவோம். சென்னையின் புழுக்கத்தில் வாழும் நமக்கு, இங்கே ஓடும் வண்டிக்குக் காற்றில் ஈரம் குறையாது என்றே தோன்றும். 35 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள கடற்கரைக் காற்றை எடுத்து 80 டிகிரியில் இயங்கும் கலத்துக்குள் செலுத்தினால், அந்த வெப்பநிலையில் அதன் ஈரப்பதம் 8 விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும். வட இந்தியாவின் மே மாதக் காற்று, 42 டிகிரியும் 15 விழுக்காடும் என்று கொண்டால், கலத்துக்குள் 3 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். ஆக நமக்குப் புழுக்கமாக இருக்கும் காற்றும் கலத்துக்கு அனல்காற்றுதான். கோடையில் வெளிக்காற்றும் சூடாக இருப்பதால் ரேடியேட்டர் வெப்பத்தை எளிதில் வெளியேற்ற முடியாமல் கலத்தின் வெப்பநிலை ஏறும். ஏற ஏறச் சவ்வு இன்னும் வறளும். வறண்ட சவ்வின் மின்தடை மேலும் வெப்பத்தைக் கூட்டும். நனைந்தால் உப்பியும் காய்ந்தால் சுருங்கியும் பழகும் சவ்வு, விளிம்புச் சட்டத்துக்குள் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருப்பதால் ஆயிரக்கணக்கான முறை இழுபட்டு, கடைசியில் ஊசித்துளை விடும். அதற்குப் பிறகு இரு பக்க வாயுக்களும் நேருக்கு நேர் கலக்கத் தொடங்கிவிடும்.

இந்தச் சிக்கலோடு பொறியாளர்கள் நெடுங்காலமாக மல்லுக்கட்டி வருகிறார்கள். 1965 ஆகஸ்ட்டில் ஜெமினி 5 விண்கலத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சவ்வு வகைக் கலங்கள் பறந்தபோது, எடையற்ற நிலையில் நீர் தானாக வடியாது என்பதால், கலங்களுக்குள் திரிகளை வைத்து நுண்புழை ஈர்ப்பால் நீரை இழுத்தார்கள். சவ்விலிருந்து கரைந்த பொருள்கள் அந்த நீரில் கலந்திருந்ததால் விண்வெளி வீரர்கள் அதைக் குடிக்கவில்லை. தனியே கொண்டுபோன நீரையே குடித்தார்கள். அப்போலோ வீரர்கள் குடித்தது வேறு வகையான காரக் கலங்களில் உண்டான நீர். ஹைட்ரஜன் பேருந்தின் பின்குழாயில் வரும் நீரைக் குடிக்கலாம் என்று விழாக்களில் சொல்பவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது. இன்றும் வெளியேறும் நீரில் ஃபுளூரைடு எவ்வளவு இருக்கிறது என்று அளந்துதான் சவ்வு எந்த அளவுக்குச் சிதைகிறது என்பதை ஆய்வகங்கள் கணிக்கின்றன.

இப்போதைய தீர்வுகளில் அழகானவை பல. வினையூக்கிக்கு மேலே வைக்கும் கரித்தாளில் டெஃப்லான் பூசி நீர் ஒட்டாமல் செய்கிறார்கள்; தாளுக்கும் வினையூக்கிக்கும் நடுவே இன்னும் நுண்ணிய துளைகள் கொண்ட கரிப் படலம் ஒன்றைச் சேர்த்ததும், நீர் பெரிய துளிகளாகத் திரண்டு பரப்பை மூடுவது வெகுவாகக் குறைந்தது. முதல் மிராய் காரில் காற்றுத் தடங்களை வழக்கமான நேர்க்கோடுகளாக விடாமல் முப்பரிமாண வலைபோல அமைத்து, நீரைப் பின்புறம் இழுத்துக்கொண்டு ஆக்ஸிஜனை வினையூக்கியை நோக்கித் திருப்பினார்கள். அதே காரில் வெளியிலிருந்து காற்றுக்கு ஈரமூட்டும் கருவியையே நீக்கிவிட்டார்கள். காற்று வெளியேறும் முனையில் மிகுதியாக இருக்கும் நீரை மெல்லிய சவ்வின் வழியே ஹைட்ரஜன் பக்கத்துக்கு வரவழைத்து, ஹைட்ரஜன் ஓட்டத்தோடு காற்று நுழையும் வறண்ட முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தொல்லை தந்த நீரையே மருந்தாக்கிய இந்த வடிவமைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். உலோகத் தகடுகளுக்குள் மறைந்திருக்கும் நீரைப் பார்க்க நியூட்ரான் கதிர்களும் உதவின; அலுமினியத்தை எளிதில் ஊடுருவும் நியூட்ரான்களை நீரிலுள்ள ஹைட்ரஜன் சிதறடித்துவிடும் என்பதால், அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. ஆய்வகத்தில் இயங்கும் கலத்துக்குள் நீர் எங்கே தேங்குகிறது என்பதைப் படமாகவே எடுத்தார்கள்.

ஆனால் இந்தத் தீர்வுகள் ஒவ்வொன்றும் ஒரு தட்பவெப்பத்தையும் ஓட்ட முறையையும் மனத்தில் வைத்துச் சீர்செய்யப்பட்டவை. அப்படியே எடுத்து எங்கும் பொருத்திவிட முடியாது. நம் நாட்டில் ஹைட்ரஜன் வண்டிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் இடங்களைப் பாருங்கள். ரயில் ஓடவிருக்கும் ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட் பாதையில் கோடையில் 45 டிகிரியைத் தொடும் வெயிலும், ஜனவரியில் உறைநிலையை நெருங்கும் குளிரும் உண்டு. லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அழுத்தம் நம்மூரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கம்ப்ரசர் அந்தக் குறையை ஈடுகட்டாவிட்டால், அதே 60 டிகிரியில் அங்குள்ள காற்று இங்கே சுமப்பதைப் போல ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு ஆவியைச் சுமந்துகொண்டு போய்ச் சவ்வை உலர்த்திவிடும். குளிர்கால இரவில் வண்டியை நிறுத்தும்போதோ இதற்கு நேர்மாறான ஆபத்து: உள்ளே விட்டுப்போன நீர் உறைந்து 9 விழுக்காடு விரியும்போது நுண்துளைகள் கிழியும். ஆகவே நிறுத்துவதற்கு முன் உலர்காற்றால் ஊதி நீரை நீக்க வேண்டும். அளவுக்கு மீறி ஊதினால் மறுநாள் காலை வறண்ட சவ்வோடு வண்டி முக்கி முனகிக் கிளம்பும். 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியிலிருந்து பிரதமர் தொடங்கிவைத்த, கொச்சி கப்பல் கட்டும் தளம் உருவாக்கிய ஹைட்ரஜன் படகு ஓடும் வாராணசியின் நிலைமை வேறு. கரையோரம் அடிக்கடி நின்று கிளம்பும் படகின் கலம் குறைந்த மின்னோட்டத்தில் நெடுநேரம் இருக்கும், அப்போது காற்றோட்டமும் மெதுவாகவே இருப்பதால் நீர்த்துளிகளை நகர்த்தும் வலு அதற்கு இருக்காது.

இதெல்லாம் தயாரிப்பாளர்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், பயணிகளுக்கும் வாங்கும் துறைக்கும் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 2023 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை 19,744 கோடி ரூபாய். அதில் பெரும்பங்கு ஹைட்ரஜனை உற்பத்தி செய்வதற்கே போகிறது என்றாலும், அந்த ஹைட்ரஜனைப் பயன்படுத்தும் வண்டிகளையும் பொதுத்துறையும் போக்குவரத்துக் கழகங்களும்தான் வாங்கப்போகின்றன. டீசல் பேருந்து வாங்கும்போது இன்ஜினுக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை வேலை வரும் என்று கேட்காமல் எந்தப் பணிமனை மேலாளரும் கையெழுத்திட மாட்டார். ஹைட்ரஜன் பேருந்து என்றதும் அதே மேலாளர் கேட்க வேண்டியதை, அது புதுமை என்பதற்காகக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

ஒப்பந்தப்புள்ளியில் எரிபொருள் கலத்தின் கிலோவாட் அளவும் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதும் போதாது. ஒவ்வொரு கலத்தின் வோல்ட்டேஜையும் தனித்தனியாகப் பதிவுசெய்யும் வசதி வண்டியில் இருக்கிறதா, அந்தப் பதிவு வாங்குபவரின் கைக்கும் வருமா என்பதைக் கேட்க வேண்டும். வெள்ளமா வறட்சியா என்பதைப் பிரித்தறிய அந்தப் பதிவே பெருமளவு போதும்: வோல்ட்டேஜ் துள்ளித் துள்ளி விழுந்து, காற்றோட்டத்தைக் கூட்டியதும் எழுந்தால் உள்ளே நீர் தேங்கியிருக்கிறது, சீராகச் சரிந்துகொண்டே போய், ஓர் ஆயிரம் ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அளக்கும் மின்தடையும் கூடவே ஏறினால் சவ்வு காய்கிறது. வண்டி ஓடவிருக்கும் ஊரின் கோடையிலும் மழைக்காலத்திலும் சோதித்த அறிக்கையைத் தயாரிப்பாளர் தர வேண்டும். காற்று உள்ளே போகும் இடத்துக்கும் வெளியேறும் இடத்துக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டைத் தொடர்ந்து அளக்க வேண்டும் என்பதும் நிபந்தனையாக வேண்டும். தடங்களில் நீர் அடைத்தால் அந்த வேறுபாடு உடனே ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும், அதை அளக்கும் கருவியின் விலையும் பெரிதில்லை.

பணிமனை ஊழியர்களின் பயிற்சி இதைவிட அவசரமானது. ஈரமூட்டும் கருவியில் ஊற்றும் நீரின் தூய்மையையோ, குழாய் இணைப்புகளில் போடும் உலோகத்தின் தன்மையையோ அறியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு செய்யும் சிறு மாற்றமே கலத்தைக் கெடுத்துவிடக்கூடும். துருப்பிடிக்கும் ஓர் இணைப்பிலிருந்து மிகச் சிறிய அளவில் இரும்பு அயனிகள் நீரில் கலந்தாலும், கலத்துக்குள் இயல்பாகவே சிறிதளவு உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு அவை வினைபுரிந்து சவ்வை அரிக்கும். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, சென்னையில் ஒன்றிய அரசின் ஏ.ஆர்.சி.ஐ. ஆராய்ச்சி நிறுவனத்தின் எரிபொருள் கலத் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. கலத்தைச் செய்யத் தெரிந்தவர்கள் இவ்வளவு அருகில் இருக்கும்போது, நம் தொழிற்பயிற்சி நிலையங்களின் ஆசிரியர்களைச் சில வாரங்கள் அங்கே அனுப்பிப் பழக்குவதற்குப் பெரிய செலவு ஆகாது. கண்ணாடி போன்ற மூடியிட்ட ஒரு சிறு கலத்தை ஒவ்வொரு நிலையத்திலும் வைத்து, நீர் அடைப்பு எப்படி உண்டாகிறது, எப்படி அகல்கிறது என்பதை மாணவர்கள் தங்கள் கண்ணாலேயே பார்க்கச் செய்ய வேண்டும்.

ஹைட்ரஜன் வண்டிகள் வரக் கூடாது என்று யாரும் இக்கடிதத்திலிருந்து பொருள் கொள்ள வேண்டாம். அவை வர வேண்டும், வந்து பல்லாண்டு ஓட வேண்டும் என்று விரும்புவதால்தான் எழுதுகிறேன். தொடக்க விழா முடிந்த இரண்டாம் ஆண்டில் ஒரு வண்டி பணிமனையின் மூலையில் நின்றுவிட்டால், நீரை நிர்வகிக்கத் தவறியதுதான் காரணம் என்று யாரும் ஆராயப்போவதில்லை. ஹைட்ரஜனே நமக்கு ஒத்துவராது என்ற முடிவுக்குத்தான் வருவார்கள். அடுத்த முறை தங்கள் செய்தியாளர் இப்படி ஒரு வண்டியின் தொடக்க விழாவுக்குப் போகும்போது, பின்குழாயில் சொட்டும் நீரைப் படமெடுப்பதோடு, கலங்களின் வோல்ட்டேஜ் பதிவு யாரிடம் இருக்கும், முதல் கோடை முடிந்ததும் அது வெளியிடப்படுமா என்ற இரண்டு கேள்விகளையும் அங்குள்ள அதிகாரிகளிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேதிப்பொறியியல் ஆசிரியர் (ஓய்வு),
தாம்பரம்.